அந்தி நிறுவை

இங்கேலாவுக்கு அங்கே பனி.
முழங்கால் வரைக்கும்.
வெள்ளையில் பிணம், பக்கத்தில்
ஒருவனுடைய காலடி மட்டும்
அச்சில் வார்த்த மாதிரி.

எனக்கு மஸ்கெலியாவில் மழை.
காலடி என்று ஒன்று இருந்திருந்தால்
கான் வழியே இறங்கி
இந்நேரம் மவுசாகலைத் தண்ணீரில் கலந்திருக்கும்.

இரவு டியூட்டி.
சுவீடன்காரி எழுதியதை இங்கிலீஷில் யாரோ,
இங்கிலீஷிலிருந்து சிங்களத்தில் யாரோ
கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.
நான் தமிழில் திடுக்கிடுகிறேன்.
ஹட்டன் லைப்ரரி முத்திரை;
திருப்ப வேண்டிய நாள் போன வெள்ளி.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
இங்கேலா காரை ஓரங்கட்டி அழுகிறாள்.
அழ அவளுக்கு ஒரு கார் இருக்கிறது.

புத்தகத்துக்கு அடியில் செக்ரோல்.
ஞானசோதி, வயது இருபத்தொன்பது,
ஏழாம் நம்பர் மலை.
மறுநாள் விடியத்தான் கானுக்குள் கண்டெடுத்தார்கள்.
"வழுக்கி விழுந்துட்டா" என்றார் கணக்கப்பிள்ளை.
"வழுக்கி விழுந்துட்டா" என்றான் புருஷன்,
"நான் நாலாம் நம்பர்ல கவ்வாத்து,
காலையிலேருந்து அந்தி வரைக்கும்
மலையை விட்டு எறங்கல."
பின்மண்டையில் பிறை போல ஒரு காயம்.
அந்தக் கானில் பிறை போல ஒரு கல் இல்லை,
நான் இறங்கிப் பார்த்தேன்,
அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது.

முந்தின நாள் பகல் பன்னிரண்டுக்கு முன்னே
உயிர் போயிருக்கும் என்கிறார் டாக்டர்.
செக்ரோல் சொல்கிறது:
அந்தி நிறுவை, ஆறு கிலோ. முழுப்பேர்.

செத்தவள் கொழுந்து பறித்திருக்கிறாள்.

எனக்குள் இங்கேலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
அந்த ஆறை எழுதிய கை,
அதைப் பிடித்தால் போதும்.

காலையில் மடுவத்துக்குப் போனேன்.
பதினொரு பெண்கள், தலையில் படங்கு,
சார்ஜன்ட் நிற்கிற வரைக்கும் ஒருத்திக்கும் வாயில்லை.
அவரை ஜீப்புக்கு அனுப்பினேன்.
மழை கொஞ்சம் குறைந்தது.
பவளக்கொடி படங்கைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"நாங்கதான் மேடம்.
புள்ளக்காம்பராவுக்குப் பால் குடுக்கப் போயிருக்கான்னு நெனச்சோம்.
அரைப்பேர் விழுந்துருமே,
ஆளுக்கு ரெண்டு கை அவ சாக்குல போட்டோம்.
நான்தான் தராசுல மாட்டுனேன்.
கணக்கப்பிள்ளை எங்க மூஞ்சிய எப்பப் பாத்தாரு?
சாக்கத்தான் பாப்பாரு."

அவ்வளவுதான். என் துப்பு
பதினொரு பேருடைய கை மணம்.

பேனாவை மூடப் போனவள்
சும்மா, கணக்குச் சரி பார்க்கிற மாதிரி கேட்டேன்:
சாக்கு எப்படி உங்களிடம் வந்தது?

"அவ புருஷன்தான்.
சோத்து நேரத்துல கொண்டாந்து குடுத்தான்.
அவ வர நேரமாகும், நிறுத்துப் போட்டுருங்கன்னு…"

'ன்னு' அந்தரத்தில் நின்றது.
பவளக்கொடி தான் சொன்னதைத்
தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.
பின்னால் யாரோ கூடையை இறக்கி வைத்தார்கள்.
தராசுக் கொக்கி காற்றில் கொஞ்சம் ஆடியது.

ஸ்டேஷனில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதுகிறேன்.
கோர்ட்டில் யாரோ அதை இங்கிலீஷில் வாசிப்பார்கள்.
கவ்வாத்துக் கத்திக்குச் சொல் கிடைத்தது,
தடயப் பையில் கிடக்கிறது, கழுவித் துடைத்து,
வளைவு மட்டும் அப்படியே.
அரைப்பேருக்குக் கிடைக்கவில்லை.
சிங்கள எழுத்தில் 'அரைப்பேர்' என்றே போட்டேன்.
ஓஐசி கண்ணாடியை உயர்த்தி
இது யாருடைய பெயர் என்று கேட்டார்.

கைநாட்டு வைத்துவிட்டுப் போன பவளக்கொடி
வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.
"மேடம், அந்த ஆறு கிலோ…
அது பொய்க் கணக்குன்னு வெட்டிருவாங்களா?
புள்ளைக்குச் சேருமா?"

எனக்குத் தெரியவில்லை.
அதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இன்னும் தொண்ணூறு பக்கம் இருக்கிறது.
இங்கேலா பாதிரியாரைச் சந்தேகப்படுகிறாள்.
பனி விழுந்துகொண்டே இருக்கிறது.
லைப்ரரிக்கு நாளைக்கும் போக முடியாது.